கூண்டுச் சண்டை விளையாட்டாகுமா?

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஈப்போ நகரத்து உணவுக்கடை ஒன்றில் இளைஞர் நால்வர், கேட்ட ரொட்டி சானாய் வந்தும் அதைத் தொடாமல், ஒரே கைப்பேசியின்மேல் குனிந்திருக்கின்றனர். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை மலேசியாவின் காலைச் சிற்றுண்டி வேளைக்கு வந்து சேர்கிறது. திரையில், கம்பிவலைக் கூண்டுக்குள் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். அவன் மார்பின்மேல் ஏறியிருப்பவன் அவன் முகத்தில் மாறி மாறிக் குத்துகிறான். நடுவர் பாய்ந்து இடையே விழுகிறார். நால்வரும் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்கின்றனர். பக்கத்து மேசையில், சுங்கை சிப்புட்டுத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்: "ஏன் தம்பி, விழுந்து கெடக்கிறவன அடிக்கிறதுக்குப் பேரு வெளையாட்டா?" இளைஞருள் ஒருவன் பணிவாகவே விடை கூறுகிறான்: "அதுக்கும் ரூல்ஸ் இருக்கு, தாத்தா."

கேள்வி கேட்டவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. விடை சொன்னவனிடமும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சமுதாயத்தில் இப்பொருள் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் இவ்விரு பாதிகளுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதைக் கேட்க மறுக்கின்றனர். மேடையேறும் பெரியோர், 'காட்டுமிராண்டித்தனம்' என்னும் ஒரே சொல்லால் கதையை முடித்துவிடுகின்றனர். இளைஞரோ, 'உலகமே ஏற்றுக்கொண்டது' என்னும் ஒரே சொல்லால் வாயை அடைத்துவிடுகின்றனர். வசைச்சொல்லும் வெற்றி முழக்கமும் ஆராய்ச்சி ஆகமாட்டா. கலப்புத் தற்காப்புக் கலை எனப் பெயர் பெற்று, எம்.எம்.ஏ. என மூன்றெழுத்தில் வழங்கும் இச்சண்டை, விளையாட்டு என்னும் பெயருக்கு உரியதா என்பதை ஆசிரியரும் மாணாக்கரும் நின்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் அவ்விளைஞன் பக்கத்து உண்மையைச் சொல்லிவிடுவதே முறை. 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் இச்சண்டையின் இன்றைய வடிவம் முதன்முறை அரங்கேறியபோது, கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் போன்ற மிகச் சிலவே தடை செய்யப்பட்டிருந்தன. எடைப் பிரிவு இல்லை. பருமனானவனும் மெலிந்தவனும் ஒரே கூண்டில் இறக்கப்பட்டனர். ஜான் மெக்கெய்ன் என்னும் செனட்டர் அதனை 'மனிதச் சேவற்சண்டை' என்று இகழ்ந்தார். தோட்டப்புறங்களில் சேவற்கட்டைக் கண்டவர்களுக்கு அவ்வுவமையின் கூர்மை விளங்கும். நியூயார்க் மாநிலம் 1997இல் அதற்குத் தடை விதித்தது. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒருங்கிணைந்த விதிகள் உருவாயின. எடைப் பிரிவுகள் வந்தன. ஐந்து நிமிடச் சுற்றுகள் வந்தன. பின்மண்டையிலும் உயிர்நிலையிலும் தாக்குதல் தடுக்கப்பட்டது. கூண்டருகே மருத்துவர் அமர்ந்தார். நியூயார்க்கின் தடையும் 2016இல் நீங்கியது. ஆசியாவில், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் 2011இல் தோன்றி, அடுத்த ஆண்டே கோலாலம்பூருக்கு வந்தது. 2026ஆம் ஆண்டு ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதற்கும் இடமளிக்க ஆசிய ஒலிம்பிக் மன்றம் இசைந்தது.

ஆகவே 'சட்டமில்லாத அடிதடி' என்னும் பழி இன்றைக்குப் பொருந்தாது. வகுப்பறையில் நின்று அப்பழியை இன்னும் சுமத்தும் ஆசிரியர், தம் மாணாக்கர் அறிந்ததைத் தாம் அறியாதவர் என்பதையே காட்டிக்கொள்கிறார். அதன்பின் அவர் கூறும் எந்த அறிவுரையும் மாணாக்கர் காதில் ஏறாது.

ஆதரவாளரிடம் இதனினும் வலிய வாதம் ஒன்று உண்டு. குத்துச்சண்டையை மதித்துப் போற்றிய சமுதாயம், இதனை மட்டும் பழிக்கலாமோ என்பதே அது. 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் முகமது அலி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை எதிர்த்துப் பதினைந்து சுற்றுகள் பொருது வென்றார். நாடே அந்நாளைத் திருவிழாவாகக் கொண்டாடியது. அன்று யாரும் 'இது விளையாட்டா?' என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1984இல், அம்மாவீரருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக மருத்துவர் அறிவித்தனர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது அவர் கை நடுங்கியதை உலகமே கண்டது. அந்நோய்க்குக் குத்துகள் மட்டுமே காரணம் என அறுதியிட மருத்துவர் தயங்குவர். குத்துகளுக்குப் பங்கே இல்லை எனத் துணிந்து கூறுவாரும் அரியர். 1982 நவம்பரில் லாஸ் வேகாசில் ரே மன்சினியை எதிர்த்த கொரிய வீரர் கிம் டுக் கூ பதினான்காம் சுற்றில் வீழ்ந்து, நான்கு நாட்களில் உயிர் துறந்தார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டை மன்றம் பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது.

குத்துச்சண்டையில் வீழ்ந்தவனுக்கு எட்டு எண்ணி, எழுப்பி, மீண்டும் தலையில் குத்து வாங்க அனுப்புகின்றனர். கூண்டுச் சண்டையிலோ, தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனைக் கண்ட நொடியே நடுவர் சண்டையை நிறுத்திவிடுகிறார். மேலும், பல போட்டிகள் ஒரு குத்துமின்றிப் பிடியாலேயே முடிகின்றன. எனவே, தலைக்கு வாங்கும் அடிகளின் எண்ணிக்கையில் குத்துச்சண்டையே கொடியது என அவர்கள் வாதிடுவர். இவ்வாதத்தை மறுக்க வேண்டியதில்லை. ஒப்புக்கொள்ளலாம்.

ஒப்புக்கொண்டபின் எழும் கேள்வி வேறு. அண்டை வீட்டுக் கூரை இன்னும் மோசமாக ஒழுகுகிறது என்பதால் தன் வீட்டுக் கூரை ஒழுகவில்லை என்று ஆகிவிடுமா? குத்துச்சண்டையைவிடக் கொடுமை குறைந்தது என்னும் சான்றிதழ், குத்துச்சண்டையின் மேல் வழக்குத் தொடுக்க உதவுமேயன்றி, கூண்டுச் சண்டையை விடுவிக்க உதவாது.

எது விளையாட்டு, எது விளையாட்டன்று என்பதை இரத்தம் சிந்துவதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. காற்பந்துத் திடலில் கால் முறிகிறது. சடுகுடு ஆட்டத்தில் தோள்மூட்டு நழுவுகிறது. மிதிவண்டிப் பந்தயத்தில் வீரர் மலைச்சரிவில் உருண்டு இறந்ததும் உண்டு. ஏறுதழுவுதலில் ஆண்டுதோறும் காளையின் கொம்புக்கு இரையாவோர் உண்டு; 2017இல் தமிழகம் இயற்றிய சட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் நிலைநிறுத்தியது என்பதற்காக அவ்வுண்மையை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் இவற்றுள் எதிலும் காயம் என்பது குறிக்கோள் அன்று. பந்து வலைக்குள் போகவேண்டும். பாடி வந்தவன் கோட்டைத் தொடவேண்டும். திமிலைப் பற்றியவன் குறித்த தொலைவு பிடி விடாதிருக்க வேண்டும். காயம் வழியில் நேரும் விபத்து. அதனைக் குறைக்கக் குறைக்க ஆட்டம் சிறக்குமேயன்றிக் கெடாது.

கூண்டுச் சண்டையின் ஒரு பகுதி இதற்கு நேர்மாறானது. அங்கே எதிராளியை உணர்விழக்கச் செய்தல் விபத்தன்று. அதுவே தலைசிறந்த வெற்றி. அதற்கே மிகுந்த ஆரவாரம். அதற்கே பல வேளைகளில் மேலதிகப் பரிசுப்பணம். மறுநாள் மீண்டும் மீண்டும் காட்டப்படுவதும் அந்த ஒரு நொடியே. ஒருவனுடைய உணர்வு அற்றுப்போகும் நொடி எது? மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளை, தலை திடுமெனச் சுழலும்போது அதனோடு ஒத்துச் சுழல இயலாமல் பின்தங்குகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன, செயல் நின்றுவிடுகிறது. முறிந்த எலும்பு கூடும்; கிழிந்த தசை ஆறும். மூளையின் நரம்பணுக்களுக்கு அவ்வாறு ஆறும் வரம் இல்லை.

இது நேற்று முளைத்த அச்சமன்று. 1928ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர் சிலர் நாளடைவில் கள்ளுண்டவர்போல் தள்ளாடுவதையும் நாக்குழறுவதையும் குறித்து எழுதினார். ஒரே அடியில் வீழ்வதைவிட, வீழாமல் தாங்கிக்கொள்ளும் நூறு அடிகளே மிகுந்த கேடு செய்யக்கூடும் எனப் பின்வந்த ஆராய்ச்சிகள் கூறின. அந்நோயின் முடிவான சான்று, இறந்தபின் மூளையை ஆராய்ந்தாலன்றிக் கிடைப்பதில்லை. ஜோர்டன் பார்சன்ஸ் என்னும் கூண்டுச் சண்டை வீரர் 2016இல், இருபத்தைந்தாம் வயதில், சாலையில் வாகனம் மோதி இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தபோது அந்நோயின் அடையாளம் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் டப்ளின் நகரில் ஜுவாவ் கர்வால்யோ என்னும் போர்த்துகீசிய வீரர், சண்டை முடிந்த இரண்டு நாட்களில் தலைக்காயத்தால் மாண்டார்.

கையுறை இருக்கிறதே என்பர். அக்கையுறை அடிப்பவன் விரலைக் காப்பது. அடிவாங்குவோன் மூளையைக் காப்பதன்று. வெறுங்கையால் மண்டையோட்டைப் பலமுறை குத்தினால் கைதான் முறியும். கையுறை அணிந்தவனுக்கு அவ்வச்சம் இல்லை. தலைக்கவசம் அணியலாமே என்பர். அமெச்சூர் குத்துச்சண்டையில் ஆடவருக்கான தலைக்கவசம் 2013இல் நீக்கப்பட்டது. முகக்கிழிவைத் தடுக்கும் அக்கவசம், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

தமிழாசிரியருக்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் வேண்டும். மெய்ப்பாட்டியலில் ஆசிரியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்தார். விளையாட்டை அவர் எங்கே வைத்தார்? உவகையில் வைத்தார். அவ்வுவகையையும் துன்பம் நீங்கியது என்று அடைகொடுத்தே சிறப்பித்தார். உறுப்புகளைச் சிதைத்தலையும், அடித்து அலைத்தலையும், கொலையையும் அவர் எங்கே வைத்தார்? வெகுளியில் வைத்தார். அஞ்சாமையாகிய தறுகண்மையை இவ்விரண்டிலும் சேர்க்காமல், கல்வி, புகழ், கொடை ஆகியவற்றோடு பெருமிதத்தில் வைத்தார். வீரம் வேறு, விளையாட்டு வேறு, வதை வேறு என்னும் இப்பாகுபாடு, இற்றை நாளில் விளம்பர வணிகர் ஒரே தட்டில் குழைத்துப் பரிமாறும் மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. கூண்டுக்குள் புகுபவனுக்கு அஞ்சாமை உண்டு. அதனை மறுப்பவர் அறிவிலார். அஞ்சாமை இருப்பதனாலேயே அங்கு நிகழ்வது விளையாட்டாகிவிடாது என்பதே இங்கு வேண்டுவது.

'தமிழன் வீரமரபில் மற்போர் இல்லையா?' என்று சிலர் சீறுவர். உண்டு, தாராளமாக உண்டு. போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவல், ஆமூர் மல்லனோடு பொருத செய்தியைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. மல்லன் மார்பில் ஒரு காலை மண்டியிட்டு, மறுகாலால் அவன் முதுகுப்புறத்துச் சூழ்ச்சியை அடக்கி நின்ற அக்காட்சியைச் சாத்தந்தையார் பாடினார். பிணங்கியிருந்த தந்தை தித்தன் அதனைக் காணட்டும் என ஏங்கினார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் அவ்விளவலைப் பாடினார். ஆனால் அப்பாட்டின் அடிக்குறிப்பு, மல்லனை அவன் பொருது 'அட்டு' நின்றதாகக் கூறுகிறது. அடுதல் என்னும் வினை வெல்லுதலையும் குறிக்கும், கொல்லுதலையும் குறிக்கும் என்பதை மாணாக்கர் அறிவர். வீரமரபை அழைப்பவர், அவ்வினையின் இரண்டாம் பொருளையும் சேர்த்தே அழைக்க வேண்டிவரும். தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குப் படைத்த நவகண்டச் சிற்பங்களும் தமிழ் மண்ணில்தான் நிற்கின்றன. அவை மரபு என்பதற்காக அவற்றைப் பள்ளிப் புறப்பாட நடவடிக்கைகளில் சேர்க்க எவரும் முன்வரவில்லை.

மற்போரின் சிறப்பு அதன் கொலையில் இல்லை, பிடியில் இருக்கிறது. கூண்டுச் சண்டைக்குள்ளும் அச்சிறப்பு உயிரோடிருக்கிறது என்பதை அதன் பகைவர் காண மறுக்கின்றனர். ஒருவனைத் தரையில் வீழ்த்தி, கையையோ காலையோ கழுத்தையோ பூட்டிப் பிடிக்கும்போது, பிடிபட்டவன் எதிராளியின் உடலையோ தரையையோ இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். அக்கணமே பிடி தளரவேண்டும். 'போதும்' என்னும் சொல்லைத் தோற்பவன் கையில் கொடுத்து வைத்திருக்கும் விதி அது. உலகத்து விளையாட்டு விதிகளுள் இதனினும் நாகரிகமான ஒன்றைத் தேடிக் காண்பது அரிது. கழுத்துப் பிடியாலும் மயக்கம் வருமே எனின், வரும். ஆனால் அதற்கு முன் தட்டுவதற்கு நேரமுண்டு, தட்டுவது இழிவன்று என்னும் மரபும் உண்டு. தாடையில் விழும் குத்தோ, கேட்டுக்கொண்டு விழுவதில்லை. அதனை வாங்குபவன் 'போதும்' என்று சொல்லும் நிலையில் இருப்பதுமில்லை.

மலேசியத் தமிழ் இளைஞர் பலருக்கு முன்மாதிரியாக விளங்கும் அகிலன் தானியின் வரலாற்றிலேயே இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. சிறுவயதில் உடற்பருமனால் கேலிக்கு ஆளாகி, பயிற்சியால் உடலையும் உள்ளத்தையும் திருத்திக்கொண்டவர் அவர். 2017 மே 26ஆம் நாள், சிங்கப்பூர் உள்ளரங்கில் பென் ஆஸ்கிரன் என்னும் அமெரிக்க மல்லரை எதிர்த்து உலகப் பட்டத்திற்காகக் களம் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. முதற்சுற்றிலேயே கழுத்துப் பூட்டில் தோற்றார். தோற்றவர் எழுந்தார், நடந்தார், மீண்டும் பயின்றார். ஈராண்டுகள் கழித்து, 2019 ஜூனில் ஷாங்காய் நகரில் யோஷிஹிரோ அகியாமா என்னும் புகழ்பெற்ற ஜப்பானிய வீரரை வென்றார். தோல்வி ஒருவனுக்குப் பாடமாக அமையவேண்டுமாயின், அப்பாடத்தை ஏற்கும் மூளை பழுதின்றி மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? இவர் போன்றோர் களமாடும் அதே ஒன் சாம்பியன்ஷிப்பின் விதிகள், தரையில் கிடப்பவன் தலையை முழங்காலால் இடிக்க இடந்தருகின்றன. அமெரிக்காவின் ஒருங்கிணைந்த விதிகள் அதனைத் தடுக்கின்றன. உணவுக்கடை முதியவரின் கேள்விக்கு இடம்தோறும் ஒரு விடை இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

'அவன் உடல், அவன் விருப்பம். கேட்க நீ யார்?' என்னும் வாதத்தை நகர்ப்புற அறிவாளர் எளிதாக எடுத்துரைப்பர். பேராக் மாநிலத்துத் தோட்டங்களின் வழித்தோன்றல்கள் அவ்வாதத்தைக் கேட்கும்போது சற்று நிமிர்ந்து உட்காரவேண்டும். 1877இல் கோலாகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து இம்மாநிலத்தின் தோட்ட வரலாறு கிளைக்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, இருளில் மரத்துக்கு மரம் ஓடி, வாளி சுமந்து, பாலின் எடைக்கு ஏற்பக் கூலி வாங்கிய தலைமுறைகளும் 'விரும்பித்தான்' கப்பல் ஏறினர் என்று அக்காலத்து ஏடுகள் எழுதி வைத்திருக்கின்றன. தோட்டத்துண்டாடல் வந்தபோதும், பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தபோதும், செம்பனையும் வீழ்ந்து வீட்டுமனை எழுந்தபோதும், லயத்தைக் காலி செய்யும் தாளில் அவர்களே கையொப்பமிட்டனர். கையொப்பம் இருந்தது, வேறு வழி இருந்ததா? மலிவு விலை அடுக்குமாடியில் வளரும் அவர்களுடைய பேரன், கூண்டின் பரிசுப்பணமே தன் குடும்பத்திற்குத் திறந்துள்ள ஒரே வாயில் என நம்பி ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது, அதனையும் 'விருப்பம்' என்றே குறித்துக்கொள்வர். வழக்கறிஞர் மகனும் மருத்துவர் மகளும் உடலுறுதிக்காகப் பயிற்சிக்கூடம் செல்வர். பிழைப்புக்காகக் கூண்டேறும் நிலை அவர்களுக்கு நேர்வது அரிது.

எடை குறைக்கும் வழக்கத்தையும் இங்கே நோக்க வேண்டும். கீழ்ப்பிரிவில் சேரும்பொருட்டு உடலின் நீரை வற்றடித்து எடைமேடை ஏறும் அவ்வழக்கம், 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்னும் இருபத்தொரு வயதுச் சீன வீரரைச் சண்டைக்கு முன்பே கொன்றது. ஒருவர் கையும் அவர்மேல் படவில்லை. அதன்பின் அப்போட்டியை நடத்திய நிறுவனம் நீரிழப்பு வழி எடை குறைத்தலைத் தடுத்து விதியைத் திருத்திக்கொண்டது, அது பாராட்டுக்குரியதே. ஒவ்வொரு விதியும் ஒரு சவத்தின் பின்னே நடந்து வருவதுதான் வருந்தத்தக்கது.

இதனைத் தடுத்த நாடுகள் இல்லாமல் இல்லை. ஸ்வீடன் 1970இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்து, 2006 வரை அத்தடையைக் காத்தது. நார்வே 1981இல், உணர்விழக்கச் செய்வதை வெற்றியாகக் கொள்ளும் தொழில்முறைச் சண்டைகளையே குறிவைத்துச் சட்டம் இயற்றியது. 2014இன் இறுதியில்தான் குத்துச்சண்டைக்கு விலக்களித்தது. இரத்தத்தைப் பாராமல் குறிக்கோளைப் பார்த்த சட்டம் அது. மலேசியாவிலும் அத்தகைய தடை வேண்டுமா என்றால், சட்டத்தால் மட்டும் தடுப்பது கள்ளத்தனமான கூண்டுகளையே வளர்க்கும். காவலரற்ற, மருத்துவரற்ற கிடங்குகளில் நடக்கும் சண்டை இதனினும் கேடு. வயது வந்தவன் அறிந்து புகுவதைத் தடுக்க முடியாவிடினும், அதனை விளையாட்டு எனப் பெயரிட்டுப் பள்ளி மாணாக்கரிடம் கொண்டுவருவதைத் தடுக்க முடியும். அனைத்துலகக் கலப்புத் தற்காப்புக் கலைச் சம்மேளனமே தன் இளஞ்சிறார் பிரிவுகளில் தலைக்குத் தாக்குதலை விலக்கி வைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மூளைக்குக் கேடு என அச்சம்மேளனம் ஒப்புக்கொண்ட ஒன்று, அவன் பதினெட்டாவது பிறந்தநாள் கொண்டாடிய மறுநாள் எவ்வாறு தீங்கற்றதாகிறது என்பதை அதன் ஆதரவாளர்தாம் விளக்க வேண்டும்.

பயிற்சிக்கூடங்கள் செய்யும் நன்மையை மறைக்கவும் கூடாது. குண்டர் கும்பல்கள் வலைவீசும் வயதில், மாலைதோறும் ஓரிடத்தில் வியர்வை சிந்தி, ஆசானுக்குப் பணிந்து, புகையும் மதுவும் தவிர்த்து வளரும் இளைஞர் பலர் உளர். தமிழ்ப்பள்ளிகள் செய்யத் தவறியதை அக்கூடங்கள் செய்கின்றன. ஆனால் அந்நன்மையைத் தந்தது பயிற்சியும் ஒழுங்கும் தோழமையுமே. தலையில் விழுந்த குத்து எவனையும் ஒழுக்கமுள்ளவன் ஆக்கியதில்லை.

பழி முழுவதையும் வணிகர்மேல் போட்டுவிட்டு ஆசிரிய உலகம் தப்பிவிடவும் முடியாது. உடற்கல்விப் பாடவேளையைத் தேர்வுப் பயிற்சிக்குப் பறித்துக்கொண்ட பள்ளிகள் எத்தனை! யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பறிக்கும் பழக்கம் பல இடங்களில் நீங்கவில்லை. மாலையானதும் திடலின் வாயிலுக்குப் பூட்டு. பூட்டிய திடலுக்கு வெளியே நிற்கும் சிறுவன் கைப்பேசியில் கூண்டைக் காண்கிறான் என்றால், வியப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

கோயில் வளாகங்களிலும் தோட்டத்து வெளிகளிலும் சிலம்பம் சொல்லித்தந்த ஆசான்களை அறிந்தவர் இன்றும் இம்மாநிலத்தில் உளர். சிலம்பப் போட்டியில் கம்பின் நுனி எதிராளியைத் தொட்டால் புள்ளி. தொடும் அளவுக்கு நெருங்கி, சிதைக்கும் அளவுக்குச் செல்லாமல் நிறுத்தும் கையடக்கமே அங்கே திறமை எனப்படுகிறது. மூங்கிற்கம்பால் ஒரே வீச்சில் ஒருவன் மண்டையைப் பிளக்க முடியும் என்பதை அறிந்தவர்களே, அதனைத் தொடுதலாக மாற்றி விதி வகுத்தனர். சடுகுடு 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுகளில் இடம்பெற்றது. அதற்கு ஒரு திடலும் பதினான்கு பிள்ளைகளும் போதும். மற்போரையும் பிடிக்கலையையும் மெத்தை விரித்துப் பள்ளியிலேயே கற்பிக்கலாம். கூண்டுச் சண்டைப் பயிற்சியாளரையே அதற்கு அழைக்கலாம், தலைக்குக் குத்து விடும் பாடத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு.

அதுவரையில் பெற்றோர் கையில் ஓர் எளிய கருவி இருக்கிறது. மகனையோ மகளையோ பயிற்சிக்கூடத்தில் சேர்க்கப் போகும் தாய், கட்டணத்தை நீட்டுமுன் அப்பயிற்சியாளரிடம் ஒன்றைக் கேட்கலாம்: "தம்பி, பிள்ளைங்க பழகும்போது தலையில அடிப்பாங்களா?" நல்ல ஆசான் அதற்கு உடனே விடை சொல்வார், சிறுவருக்குத் தலைக்கு அடியில்லை என்பார், பெரியவருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு மென்மையாக, மயங்கியவனை எத்தனை வாரம் ஒதுக்கி வைப்போம் என்றெல்லாம் விளக்குவார். சிரித்து மழுப்புகிறவரிடம் பணத்தை நீட்டிய கையை அத்தாய் மடக்கிக்கொண்டு வந்துவிடலாம்.